மூணு மார்கழி போட்டு ஓட்டின ரைடிங் பேண்ட்: குளிருக்கு நல்லாத்தான் இருக்கு, ஜிப்புதான் உயிரை வாங்குது

நேத்து சாயங்காலம் திரும்பவும் டைலர் கடைல போயி நின்னேன். வலது கால் ஜிப்புக்கு ரன்னர், அதான் நாம பிடிச்சு இழுக்குற துண்டு, அத மாத்த, இதோட மூணு தடவை ஆச்சு. அங்க நிக்கும்போதே மச்சான் போன் பண்ணுதான், "அத்தான், காலைல நீங்க மேல மாட்டிட்டுப் போவியள்லா ஒரு பேண்ட், அது இப்ப 1,650க்கு கெடக்கு, வாங்கிரவா?"ன்னு. நான் 2,400 குடுத்து வாங்குனது. அவனுக்கும் வார மாசத்துல இருந்து பாளையங்கோட்டைல காலை ஷிப்டு. ஒரு வார்த்தைல பதில் சொல்லிர முடியாது, அதான் மொத்தத்தையும் எழுதுதேன்.

திருநெல்வேலில எங்க குளிருதுன்னு கேக்கிறவங்க மார்கழில ஒரு நாள் காலைல நாலே முக்காலுக்கு கல்லிடைக்குறிச்சில வண்டிய எடுத்து வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, மேலச்செவல், முன்னீர்பள்ளம்னு ஓட்டிப் பாருங்க. பிசான நெல்லுக்கு தண்ணி கட்டி வயலெல்லாம் நெறஞ்சு கெடக்கும், கன்னடியன் கால்வாய்ல தண்ணி ஓடும், மேகம் இல்லாத ராத்திரின்னா தரைச் சூடெல்லாம் போயி குளுந்த காத்து பள்ளமான எடத்துல வந்து தங்கி நிக்கும். ஊருக்குள்ள வீடுகளுக்கு நடுவுல ஒண்ணும் தெரியாது, கடைசி வீடு தாண்டி வயக்காடு ஆரம்பிச்ச உடனே முழங்கால்ல பச்சத்தண்ணிய ஊத்துன மாதிரி இருக்கும். போன்ல பாத்தா 21 டிகிரின்னு காட்டும். வாசல்ல நிக்கிறவனுக்குத்தான் அது 21, வண்டில 60ல போறவனுக்குக் கணக்கே வேற. தோலை ஒட்டி நம்ம உடம்புச் சூட்டுல மெல்லிசா ஒரு காத்து எப்பவும் நிக்கும்லா, எதிர்க்காத்து அத நிக்க விடாம உருவிட்டே இருக்கும், அம்புட்டுதான் விஷயம். மேலுக்கு ஜெர்க்கின், குல்லா, கிளவுஸ் எல்லாம் போட்டுக்கிடுதோம், காலுக்கு மட்டும் ஒரு ஜீன்ஸ். கனமா இருக்கேன்னு ஜீன்ஸை நம்பாதீங்க, காத்து பொசுக்குனு உள்ள போகும், பனில நனைஞ்சா காயுறதுக்குள்ள விடிஞ்சிரும். முழங்கால் சிரட்டைல சதையே கெடையாது, எலும்பு மேல தோலு, அது எவ்வளவுதான் தாங்கும்.

இத நான் ஏன் இவ்வளவு பெருசா சொல்லுதேன்னா, பேண்ட் வாங்குறதுக்கு முந்தின மார்கழில பத்தமடை தாண்டி ஒரு பால்கார அண்ணாச்சி சைக்கிளோட திடீர்னு குறுக்க திரும்பிட்டாவ, நான் பின் பிரேக்கை மிதிக்கேன், மிதிச்சனா இல்லையான்னே தெரியல, கால் அப்படி மரத்துப் போயி கெடக்கு. முன் பிரேக்கைப் பிடிச்சு ஒரு முழ தூரத்துல நிறுத்துனேன். ஓரங்கட்டி ஷூவக் கழட்டி பாதத்தத் தேய்க்கேன், கை படுறதே தெரியல. அன்னைக்கு வந்த பயம் இன்னும் எனக்குப் போகல.

அதுக்கப்புறம் பண்ணாத வேலை இல்ல. அப்பா காலத்துல அவியளுக்கு இந்தத் தொந்தரவே கெடையாது, பஜாஜ் சேட்டக், முன்னால தகடு ரெண்டு காலையும் மூடி நிக்கும். நானும் அதே நெனப்புல வண்டி முன்னால இருக்க லெக்கார்டு கம்பில பழைய பிளக்ஸைக் கட்டுனேன், காத்து நின்னுச்சு, ஆனா காத்து பட்டாத்தான் ஆறுற இஞ்சின்வே இது, மூடி வச்சா என்னத்துக்காகும்னு மெக்கானிக் அண்ணாச்சி ஏசி அவுக்க வச்சிட்டாவ. முழங்கால்ல மாட்டுற எலாஸ்டிக் உறை இறுக்கிப் பிடிச்சு ரத்தம் ஓடாம பாதம் இன்னும் சீக்கிரமா மரத்துச்சு. ஜீன்ஸுக்குள்ள முழங்கால்ல நியூஸ்பேப்பரை நாலா மடிச்சு வச்சா நெசமாவே நல்லா இருக்கும், அவசரத்துக்கு இப்பவும் அதத்தான் சொல்லுவேன், பனில ஊறுனாத்தான் கூழாயிரும். 300 ரூவா மழைக்கோட்டு பேண்ட் காத்தை சுத்தமா நிறுத்தும், ஆனா வேர்வை வெளிய போக வழியில்லாம உள்ளயே ஈரம் கட்டி பாதி வழில அந்த ஈரமே குளிர ஆரம்பிச்சிரும்.

இந்த பேண்ட்ல அந்தத் தொல்லை இல்ல. வெளிப்பக்கம் காத்து உள்ள பூராத துணி, உள்ள கழட்டி மாட்டுற மாதிரி மெல்லிசு லைனிங், முழங்கால்ல ஒரு பேட். அந்த பேட் விழுந்தா அடி படாம இருக்கத்தான் வச்சது, ஆனா குளிருக்கு அது செய்யுற வேலை இருக்கே, நான் எதிர்பாக்கவே இல்ல, காத்து மொத மொத மோதுற எடத்துல சரியா உக்காந்து சூட்டைப் பிடிச்சு வச்சிக்கிடும். முன்னாடியெல்லாம் சேரன்மகாதேவி டீக்கடைல எறங்கும்போது முட்டி மடங்காது, சீட்டைப் பிடிச்சிட்டு ரெண்டு நிமிசம் நிக்கணும். ராத்திரி எங்கம்மா கற்பூரத்தப் பொடிச்சு தேங்காண்ணெய்ல போட்டு சூடாக்கித் தேச்சு விடுவாவ. அந்தச் சின்ன இரும்புக் கரண்டி மூணு வருசமா அடுப்பு ஏறல. ஆடி மாசம் ஒருக்கா செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வரைக்கும் போனேன், கணவாய்க் காத்தும் சாரலும் சேந்து அடிச்சுது, மேலெல்லாம் தொப்பலா நனைஞ்சும் காலு மட்டும் காஞ்சு இருந்துச்சு.

இப்ப அந்த ஜிப்பு. ஷூவோடயே மாட்டிக் கழட்ட வசதியா முழங்கால்ல இருந்து கணுக்கால் வரைக்கும் வெளிப்பக்கமா வச்சிருக்கான், நல்ல யோசனைதான். ஆனா கீழ இழுத்து மூடுன ரன்னர் வண்டி அதிர அதிர பைய மேல ஏறும். வலது கால் பிரேக்குக்கு அசையுதுல்லா, அதனால அதுதான் மொதல்ல ஏறும். வீரவநல்லூர் வாரதுக்குள்ள நாலு விரக்கடை திறந்துரும், அது வழியா காத்து பூந்து தொடை வரைக்கும் தலகாணி மாதிரி உப்பி, 2,400 ரூவா பேண்டுக்குள்ளயும், வெறும் ஜீன்ஸோட போன அதே குளிரு. இருட்டுல ஓரங்கட்டி குனிஞ்சு இழுத்து விட்டுட்டு திரும்பக் கிளம்பணும், ஒரு நாளைக்கு மூணு தடவை. ஒரு நாள் பாக்காம விட்டுட்டேன், தொங்குன துணி சைலன்சர்ல ஒட்டி எட்டணா அளவுக்கு உருகிப் போச்சு. கம்பெனிக்கு போன் பண்ணா, ஜிப்பு வாரண்டில வராது, நீங்க முழுசா மூடிருக்க மாட்டீங்கங்காங்க. மூணு வருசமா தெனமும் மூடுற என்கிட்டயே.

டைலர்தான் நேத்து லைட்டுக்கு நேரா பிடிச்சுக் காட்டுனாரு. "பாருங்கண்ணே, நம்ம சாதா பேண்ட் ரன்னர்ல நாக்கை மடக்கி விட்டா உள்ள ஒரு சின்ன முள்ளு எறங்கி பல்லைப் பிடிச்சுக்கிடும், இதுல அந்த முள்ளே கெடையாது, இது பேக்குக்குப் போடுற ரன்னரு." எனக்கு அப்படியே ஆத்திரம் வந்துட்டு. மொத ரெண்டு தடவையும் இந்த சைஸ்ல லாக் ரன்னர் கெடைக்காம அதே மாதிரிதான் மாத்துனது. இந்தத் தடவை டவுன்ல இருந்து லாக் ரன்னர் வரவச்சு, கீழ ஒரு பிரஸ் பட்டனும் அடிச்சு, ரெண்டு காலுக்கும் சேத்து 120 ரூவா வாங்குனாரு. இன்னைக்கு காலைல பாளையங்கோட்டை வரைக்கும் ஒரு நூல் கூட ஏறல. இத தைக்கும்போதே வச்சிருக்க என்ன கேடு?

மத்தபடி சொல்லணும்னா, மூணாவது வருசம் உள்பூச்சு வெள்ளைச் செதிலா உரியுது, நான் சோப்புத்தூள்ல ஊற வச்சதும் ஒரு காரணமா இருக்கலாம். மத்தியானம் திரும்பி வரும்போது வெயில்ல போட முடியாது, சுருட்டி வச்சா பேக்ல பாதி எடம் போயிரும்.

மச்சான், நீ வாங்காத. குளிருக்கு இதவிட நல்லது நான் போட்டதில்ல, அத மறைக்க மாட்டேன். ஆனா ஒரு சின்ன முள்ளுல காசை மிச்சம் பிடிச்சிட்டு, கேட்டா என்மேலயே பழிய போடுறவனுக்கு நம்ம வீட்டுல இருந்து இன்னொரு 1,650 போக வேண்டாம். வேற கம்பெனில லாக் ரன்னரான்னு கைல இழுத்துப் பாத்து வாங்கு. அதுவரைக்கும் என்னோடதப் போட்டுக்கோ, எனக்கு அடுத்த வாரம் நைட் ஷிப்டு, வண்டி எடுக்குறது சாயங்காலம்தான். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போ. ஜிப்பை அடி வரைக்கும் இழுத்து, நாக்கை மடக்கி விட்டு, பிரஸ் பட்டன் டக்குனு சத்தம் கேக்குற வரைக்கும் அமுக்கு. வலது கால மொதல்ல பாரு.