காணொளி, பட அட்டை, குளத்துத் தாமரை: சின்னப் பிள்ளைகளுக்கு எது?

இயற்கையைப் பார்த்து மனிதர் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன. காணொளி போட்டுக் காட்டலாம். பட அட்டைகளை வைத்துப் படிப்பிக்கலாம். இல்லையென்றால் குளத்திலும் வளவிலும் கிடைப்பதைக் கொண்டுவந்து மேசையில் கொட்டலாம். கிளிநொச்சிப் பக்கத்தில் தரம் 3, 4 பிள்ளைகளோடு மூன்றையும் செய்து பார்த்தபின் நான் மூன்றாவதில் நின்றுவிட்டேன். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்துக்கு இப்போது என் முதல் தெரிவு அதுதான்.

காணொளிக்கு உள்ள பலம், நம் கண்ணுக்கு எட்டாததைக் கொண்டுவந்து காட்டுவது. ஜப்பானின் அதிவேக ரயில் சுரங்கத்துக்குள் பாயும்போது முன்னால் இருக்கும் காற்றை நெருக்கித் தள்ளும். அது மறுமுனையில் பெருஞ்சத்தத்தோடு வெளியேறும். அந்தச் சத்தத்தைக் குறைக்க வழி தேடிய பொறியியலாளர் எய்ஜி நகாட்சு, பறவை பார்ப்பதில் ஈடுபாடு உள்ளவர். அதிகம் தெறிக்காமல் தண்ணீருக்குள் பாயும் மீன்கொத்தியின் அலகு அவருக்கு வழிகாட்டியது. 1997இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலுக்கு நீண்ட கூர்மூக்கு வந்தது அப்படித்தான். வாய்க்காலுக்கு மேலே கம்பியில் குந்தியிருக்கும் மீன்கொத்தியை எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் யாழ்தேவி ரயிலை மட்டும் கண்ட பிள்ளைக்கு மணிக்கு 300 கிலோமீற்றரில் ஓடும் ரயிலைச் சொல்லால் விளக்க ஏலாது. அங்கே திரை வேண்டும். மின்சாரம், வகுப்பறை வெளிச்சம், பின்வாங்கில் இருப்பவருக்குத் தெரியாமை, இந்தச் சங்கடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை.

பட அட்டை சோடி சேர்க்க நல்லது. மீட்டல் செய்யவும் உதவும். ஆனால் ஒரு பக்கம் கறையான் புற்றையும் மறுபக்கம் கட்டடத்தையும் வைத்தால், இரண்டும் பார்வைக்கு ஒத்திருப்பதுதான் விஷயம் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. சிம்பாப்வேயின் ஹராரேயில் கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் கட்டடம் இந்த அட்டைகளில் அடிக்கடி வரும். வழக்கமான பெரிய குளிரூட்டிகள் இல்லாமல் காற்றோட்டத்தாலேயே அது சூட்டைத் தணிக்கிறது. அதற்கு மாதிரியாக எடுத்த புற்றுக்குள்ளே காற்று உண்மையில் அப்படி ஓடுவதில்லை என்று பின்னர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கட்டடம் கட்டடமாக நன்றாகவே வேலை செய்கிறது, அதற்குத் தூண்டுதலாக இருந்த எண்ணம் மட்டும் முழுக்கச் சரியில்லை. இது பிள்ளைகளோடு கதைக்க அருமையான விஷயம், அட்டையில் அதற்கு இடமில்லை. எருக்கலம் பஞ்சையும் பரசூட்டையும் சோடி சேர்ப்பதிலும் இதே வில்லங்கம். ‘பார்த்துச் செய்தது’ ஒரு பக்கம், ‘பார்க்க ஒரே மாதிரி இருப்பது’ இன்னொரு பக்கம் என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்வது நல்லது.

சரி, இனி எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டதைச் சொல்கிறேன்: பிள்ளை ஒரு பொருளைக் கெடுத்துப் பார்க்கலாமா, கூடாதா?

பட அட்டையைக் கொடுக்கும்போதே “கசக்காதே, மடிக்காதே” என்று சொல்லித்தான் கொடுக்கிறோம். பிளாஸ்ரிக் உறை போட்டு, எண்ணி வாங்கி, அலுமாரியில் பூட்டி வைக்கிறோம். அடுத்த வருடத்துக்கும் அதுதான் என்பதால் ரீச்சருக்கு அது காவல் வேலை. காணொளியை நிறுத்தலாம், திருப்பி ஓட விடலாம், அதற்குமேல் பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. தாமரை இலைக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. கிழிந்தால் குளத்தில் இன்னொன்று இருக்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் இலை கொடுத்து, என்ன வேண்டுமானாலும் செய் என்று விட்டுவிடலாம்.

அந்தப் பாடம் இப்படிப் போகும். முதலில் இலையில் சில துளி தண்ணீர். முத்துப்போல் திரண்டு உருளும். தாமரை இலைத் தண்ணீர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தாலும் பிள்ளைகள் இலையை அப்படியும் இப்படியும் சரித்து விளையாடத்தான் செய்வார்கள், விளையாட விடவேண்டும். பிறகு இலையில் வெண்கட்டித் தூளைத் தூவித் திரும்பத் துளி விட்டால், துளி போகும் வழியெல்லாம் தூளை வாரிக்கொண்டு போகும். இலை சுத்தம், துளி அழுக்கு. இதற்குப் பிறகுதான் முக்கியமான கட்டம். இலையின் ஓர் இடத்தைப் பெருவிரலால் அழுத்தித் தேய்க்கச் சொல்லவேண்டும். தேய்த்த இடம் நிறம் மாறிக் கொஞ்சம் பளபளக்கும். அங்கே விட்ட துளி உருளாமல் ஒட்டிப் பரவும். “ரீச்சர், நான் கெடுத்துப்போட்டன்” என்று ஒரு பிள்ளை பயந்துபோய் இலையை நீட்டியது. என்னத்தைக் கெடுத்தாய் என்று கேட்டேன். விரலைப் பார்த்தது, இலையைப் பார்த்தது, பிறகு “மேல என்னமோ இருந்திருக்கு, அது போட்டுது” என்றது.

அதுதான் விடை. தாமரை இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மேடுகளும் அவற்றின்மேல் நுண்ணிய மெழுகுப் படிகங்களும் இருக்கின்றன. துளி மேடுகளின் உச்சியில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்பதால் ஒட்டமுடியாமல் உருள்கிறது. ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லொட் 1970களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வழுவழுப்பான இலைகளைத்தான் கழுவவேண்டியிருக்கிறது, சொரசொரப்பானவை தாமாகவே சுத்தமாக இருக்கின்றன என்பதைக் கவனித்தார். அந்த வழியில் போய், மழையிலேயே தன்னைக் கழுவிக்கொள்ளும் சுவர்ப்பூச்சு ஒன்று 1999இல் விற்பனைக்கு வந்தது. இந்தக் கதையை நான் முன்கூட்டிச் சொல்வதில்லை. மெழுகை விரலால் தேய்த்துப் போக்கிய பிள்ளைக்குத்தான் அது கதையாக இல்லாமல் காரணமாக விளங்குகிறது.

நாயுருவியும் இதே வகை. காற்சட்டையிலும் சட்டை விளிம்பிலும் ஒட்டிக்கொண்டு வருவதைப் பிடுங்கி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கலாம். பக்கத்தில் சப்பாத்தின் ஒட்டுப்பட்டியையும் வைக்கவேண்டும். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்ட்ரல் 1941இல் நாயோடு நடந்து வந்தபோது ஒட்டிய காய்களைப் பார்த்துத்தான் அந்தப் பட்டியை யோசித்தார், 1955இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அவர் பார்த்தது வேறு செடி. அதன் முனை கொளுக்கிபோல் வளைந்திருக்கும். எங்கள் நாயுருவிக்கு நேரான கூர்முனை. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

முட்கம்பியும் முட்செடி வேலியைப் பார்த்து வந்ததுதான். வன்னியில் அதை எடுத்துக்காட்டாக்க எனக்கு மனம் வரவில்லை, விட்டுவிட்டேன்.

இந்த வழியிலும் சிரமம் உண்டு. தாமரை இலை வெட்டிக் கொஞ்ச நேரத்தில் சுருளும், காலையில் வெட்டி வாளித் தண்ணீரில் தண்டோடு கொண்டுவர வேண்டும். கோடையில் சின்னக் குளங்கள் வற்றிவிடும். அப்போது கிணற்றடிச் சேம்பு போதும், அதன் இலையிலும் துளி அதேமாதிரி உருளும். சேகரிப்பதைப் பெரியவர்களே செய்யவேண்டும். குளத்துக்குள் இறங்கப் பிள்ளைகளை அனுப்பக்கூடாது, பற்றைக் காட்டுக்குள்ளும் விடக்கூடாது. பாம்பும் யானையும் ஒருபக்கம் இருக்க, கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்களும் இன்னும் உள்ள மண் இது. பாடசாலை வளவும் தெரிந்த வீட்டு வளவும் தாராளமாகப் போதும்.

முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் படிப்பித்ததில்லை. நாலு வயதுப் பிள்ளை துளியை உருட்டி மகிழும், காரணம் வரை போகுமா என்று அவர்களோடு இருப்பவர்கள்தான் சொல்லவேண்டும். பெட்டியோடு வரும் விலைகூடிய மாதிரிப் பொருள்களையும் ஓரிரு தடவை வேறிடத்தில் பார்த்ததோடு சரி, அதனால் அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

ஒரே ஒரு பாடவேளைதான் கிடைக்கிறது என்றால் இலையை எடுங்கள். இரண்டு கிடைத்தால் இரண்டாவதில் மீன்கொத்திக் காணொளியைப் போடுங்கள். அட்டைகளைத் தவணை முடிவில் மீட்டலுக்கு வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கக் காசு இருந்தால் அதில் நாலைந்து உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்குங்கள்.