கொல்லம் அஷ்டமுடிக் காயல்: சர்வீஸ் போட்டில் தீவு தீவாக

நண்பர்களோடு கம்மிச் செலவில் தீவு சுற்றிப் பார்க்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால் உடனே அந்தமான், லட்சத்தீவு, தாய்லாந்து என்று பேச்சு போய்விடுகிறது. லட்சத்தீவுக்கு அனுமதி வாங்க வேண்டும், மற்ற இரண்டுக்கும் விமான டிக்கெட் விலையைப் பார்த்ததும் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அத்தனை தூரமே தேவையில்லை. ஆரியங்காவு தாண்டி, புனலூர் தாண்டி கொல்லம் போனால் அஷ்டமுடிக் காயல். அதற்குள் துருத்து துருத்தாக, அதாவது தீவு தீவாக, ஊர்கள் இருக்கின்றன, அந்த ஊர்க்காரர்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வர கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை தினமும் போட் ஓட்டுகிறது. நான் இங்கே எழுதப் போவது முக்கியமாக அந்த சர்வீஸ் போட்டைப் பற்றித்தான். ஆயிரக்கணக்கில் வாடகை கேட்கிற ஹவுஸ்போட்டை விட அதுதான் எனக்கு மேல், காசை வைத்து மட்டும் நான் அப்படிச் சொல்லவில்லை.

போகிற வழி முதலில். பாலருவி எக்ஸ்பிரஸ் நள்ளிரவு தாண்டிச் செங்கோட்டைக்கு வரும், விடிவதற்குள் கொல்லத்தில் இறக்கிவிடும். 1904-ல் போட்ட மலைப்பாதை இது. மீட்டர் கேஜை மாற்றுவதற்காகப் பல வருஷம் மூடிக் கிடந்து 2018-ல்தான் முழுப் பாதையும் திரும்பத் திறந்தது. அதற்கு முன்னால் புளியரை எஸ் வளைவில் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போனவர்களுக்கு இந்த ரயிலின் அருமை தெரியும். ராத்திரியில் போவதால் கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலம் கண்ணில் படாது. அதைப் பார்க்க வேண்டும் என்றால் திரும்பும்போது பகல் பஸ்ஸில் வாருங்கள், ரோட்டிலிருந்தே தெரியும்.

கொல்லம் படகுத்துறை கேஎஸ்ஆர்டிசி பஸ் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே தனியார் டூர் ஆட்கள் சுற்றி வளைப்பார்கள், நின்று பேசாமல் நேராக உள்ளே போய் சர்வீஸ் போட் எப்போது என்று கேளுங்கள். குகானந்தபுரம் பக்கம் போகிற போட்டில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே காயலுக்குள்ளேயே போவீர்கள். இதற்கு ஆளுக்கு ஆகிற டிக்கெட் ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான். சீன வலைகள், மட்டிச் சிப்பி அள்ளுகிற வள்ளங்கள், தேங்காய் மட்டை ஊறப்போட்ட ஓரங்கள், தூரத்தில் நீண்டகரைப் பக்கம் கடலுக்குப் போகிற மீன்பிடி போட்டுகள், இதெல்லாம் வழியிலேயே வந்துவிடும். டூர் போட்டில் காட்டுவதும் இதையேதான். ஆனால் இந்த போட்டில் உங்கள் பக்கத்தில் மீன் விற்றுவிட்டுக் காலி அலுமினியச் சட்டியோடு திரும்புகிற சேச்சி உட்கார்ந்திருப்பார், எதிரே யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் அடுத்த துறை வருவதற்குள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பார்கள். எங்கள் கூட்டத்தில் அம்பநாடு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த நண்பன் ஒருவன் உண்டு, தமிழும் மலையாளமும் அவனுக்கு ஒன்றுதான். அவன் பேச்சுக் கொடுக்கக் கொடுக்க, எந்தத் துருத்தில் எத்தனை வீடு காலியானது, யார் வீட்டுப் பையன் கல்ஃபில் இருக்கிறான் என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

இந்த போட்டில் வேலை பார்க்கிறவர்களைக் கவனியுங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. ஸ்ராங்கு முன்னால் நின்று சுக்கான் பிடிப்பார். எஞ்சின் டிரைவர் கீழே இருப்பார், அவருக்கு வெளியே எதுவும் தெரியாது. அதனால் ஸ்ராங்கு மணி அடித்துத்தான் அவருக்குச் சொல்வார். மெதுவாகப் போ, நிறுத்து, பின்னால் எடு என்று எல்லாமே மணிதான். துறை நெருங்கும்போது லாஸ்கர் கையில் கயிற்றோடு ஓரத்தில் நிற்பார், போட் முழுசாக நிற்பதற்கு முன்னாலேயே குதித்துக் கட்டிவிடுவார். ஒரு வயதான அம்மா கைப்பிடித்து இறங்கும் வரை பொறுமையாக நின்றுவிட்டு, அடுத்த துறைக்கு நேரத்தோடு போய்ச் சேருகிறார்கள். போட்டை ஓட்டுகிற நீர்ப் போக்குவரத்துத் துறை 1968-லிருந்து இருக்கிறது, தலைமை அலுவலகம் ஆலப்புழையில்.

போட் நிறைந்துவிட்டால் ‘இனி ஆள் கேறண்டா’, அதாவது இனி யாரும் ஏற வேண்டாம் என்பார்கள். நம்மில் பாதிப் பேர் ஏறி, பாதிப் பேர் துறையில் நிற்கும்போது கோபம் வரும், இருந்தாலும் வாக்குவாதம் பண்ணாதீர்கள். 2002 ஜூலையில் முகம்மையிலிருந்து குமரகம் போன இதே நீர்ப் போக்குவரத்துத் துறையின் போட் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தது, அது மூழ்கி 29 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் தானூரில் தனியார் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், அதில் குழந்தைகள்தான் அதிகம். தனியார் வள்ளத்திலும் இதையே பாருங்கள். எங்களை ஒருவர் லைஃப் ஜாக்கெட் இல்லாமலே ஏற்றப் பார்த்தார், ‘காயல்தானே, ஆழம் இல்லை’ என்றார். நாங்கள் ஏறவில்லை, வேறு ஆளைப் பிடித்தோம்.

அப்புறம் சாம்பிராணிக்கொடி. படங்களில் பார்த்திருப்பீர்கள், காயலுக்கு நடுவில் முழங்கால் தண்ணீரில் ஆட்கள் நடக்கிற இடம். நீர்வழிக்காகத் தூர் வாரிய மண்ணைப் போட்டதில் உருவான திட்டு அது, கண்டல் (அலையாத்தி) செடிகள் முளைத்து நிற்கின்றன. அங்கே போக மாவட்டச் சுற்றுலாக் கழகத்தின் டிக்கெட் வாங்கி அவர்கள் படகில் போக வேண்டும், சர்வீஸ் போட் அந்தத் திட்டுக்குப் போகாது, பக்கத்துத் துறையோடு சரி. இடம் அழகுதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனால் தண்ணீரை விடத் தலைகள்தான் அதிகம் தெரியும். வார நாளில் காலையிலேயே போங்கள். மாற்றுத் துணியும் குடிக்கத் தண்ணீரும் கையில் இருக்கட்டும், கொண்டுபோன பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வயதானவர்கள் கூட வந்தால் நீர்ப் போக்குவரத்துத் துறையே 2023-ல் தொடங்கிய ‘சீ அஷ்டமுடி’ என்கிற சுற்றுலா போட் இருக்கிறது. தொடங்கியபோது கீழ்த்தட்டுக்கு 400, மேல்தட்டுக்கு 500 என்று வைத்தார்கள். சொகுசாகப் போய் வரலாம், ஆனால் அதில் எல்லாரும் நம்மைப் போலச் சுற்ற வந்தவர்கள்தான்.

மன்றோ துருத்துக்குக் கட்டாயம் ஒரு ராத்திரி ஒதுக்குங்கள். கொல்லத்திலிருந்து எர்ணாகுளம் பக்கம் போகிற மெமுவில் ஏறினால், பெரிநாடு தாண்டி அடுத்த ஸ்டேஷன். அதற்கு முன்னால் ரயில் பெருமண் பாலத்தைக் கடக்கும். 1988 ஜூலை 8 அன்று ஐலண்ட் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டு காயலில் விழுந்தது இங்கேதான், 105 பேர் இறந்தார்கள். பாலத்தில் போகும்போது எங்கள் பெட்டியில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார். ஏன் என்று கேட்டபிறகுதான் எங்களில் சிலருக்கு அந்தக் கதை தெரிந்தது.

துருத்தின் பெயர் 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த கர்னல் ஜான் மன்றோவை வைத்து வந்தது. 1956 நவம்பர் வரை செங்கோட்டையும் மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில்தான் இருந்தது, அதனால் இது ஒன்றும் நமக்கு அந்நியக் கதை இல்லை. ஆறும் அப்படித்தான். பாலருவி விழுகிற தண்ணீர், செந்துருணி, குளத்துப்புழை எல்லாம் சேர்ந்து கல்லடையாறாகி, கடைசியில் இந்தத் துருத்தில் வந்து காயலில் கலக்கிறது. அந்த ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல்தான் இந்த நிலமே. தென்மலையில் அணை வந்தபிறகு வண்டல் வருவது குறைந்துபோனது. 2004 சுனாமிக்குப் பிறகு ஏற்றத்தண்ணீர் வீட்டுக்குள் வருவது அதிகமாகிவிட்டது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். சின்ன வள்ளத்தில் தோடுகளுக்குள், அதாவது வாய்க்கால்களுக்குள், போகும்போது அது கண்ணுக்கே தெரியும். சுவரில் இடுப்பளவுக்கு உப்பு பூத்திருக்கிறது, வாசல்படி தண்ணீருக்குள் இருக்கிறது, மண்டை காய்ந்த தென்னைகள் நிற்கின்றன, பூட்டிப் போட்டுவிட்டுப் போன வீடுகள் வருகின்றன. இன்ஸ்டாகிராம் படத்தில் இதெல்லாம் வெறும் பின்னணியாகப் போய்விடுகிறது. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

வள்ளத்துக்கு விடிகாலையே நல்ல நேரம். வெயில் ஏறினால் தோட்டில் காற்று நின்றுவிடும், புழுங்கித் தள்ளும். பாலங்கள் ரொம்பத் தாழ்வு, வள்ளக்காரர் சொன்னதும் குனிந்துவிடுங்கள். ஸ்டேஷனில் இறங்கியதும் பிடிக்கிற இடைத்தரகர்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எங்களிடம் ஒருவர் கேட்ட தொகையில் பாதி கூட வள்ளம் ஊன்றுகிறவர் கைக்குப் போகாது என்று அப்புறம் அந்த வள்ளக்காரரே சொன்னார். தங்குகிற ஹோம்ஸ்டேயில் கேட்டால் பக்கத்து வீட்டு ஆளையே கூப்பிட்டுத் தருவார்கள். அவரிடம் பேரம் பேசாதீர்கள். போட்டில் மிச்சப்படுத்தின காசை இங்கே கொடுப்பதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. மரச்சீனியும் காரமான மீன் கறியும் தட்டுக்கடையில் கிடைக்கும், கரிமீன் மட்டும் விலை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மட்டியை, அவர்கள் கக்கா என்பார்கள், தேங்காய் போட்டு வறுத்துக் கொடுத்தால் விடாதீர்கள். வளம் அழியாமல் மீன்பிடிக்கிறவர்களுக்குக் கொடுக்கிற உலகத்தர எம்எஸ்சி சான்று இந்தியாவிலேயே முதலில் 2014-ல் கிடைத்தது இந்த அஷ்டமுடி மட்டித் தொழிலுக்குத்தான். வருஷக் கடைசியில் தொடங்கி மட்டி முட்டையிடும் காலத்தில் அள்ளத் தடை உண்டு, அந்த நேரத்தில் தட்டில் வருவது எந்த ஊர் மட்டி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு உள்ள குறை ஒன்றுதான். துறையில் இருந்த நேரப் பலகை முழுக்க மலையாளம். படிக்கத் தெரிந்த ஒருவன் கூட இல்லாவிட்டால் எந்த போட் எங்கே போகிறது, கடைசி போட் எப்போது திரும்பும் என்று தெரியாமல் தடுமாற வேண்டியிருக்கும். தமிழ்நாட்டிலிருந்து இத்தனை பேர் போகிற ஊரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை வைத்தால் நிறையப் பேர் டூர் ஆட்களிடம் போகாமல் நேராக அரசு போட்டுக்கே வருவார்கள். அதுவரை ஏறும்போதே போட் மாஸ்டரிடம் திரும்புகிற கடைசி போட்டின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து போட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். புளூடூத் ஸ்பீக்கரை பையை விட்டு எடுக்கவே வேண்டாம். மாதம் என்று பார்த்தால் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி நல்லது. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற ஜூன், ஜூலையில் அங்கே மழை கொட்டும், கொட்டுகிற நேரத்தில் வள்ளம் எடுக்க மாட்டார்கள்.