மாமனார் அறையில் ஏர் பியூரிஃபையர்: இரண்டரை வருடம் ஓட்டியபின்

சித்தி பெண் போன வாரம் கேட்டாள்: "அக்கா, உங்க வீட்ல இருக்கிற அதே ஏர் பியூரிஃபையர் ஆஃபர்ல எட்டாயிரத்துக்கு வந்திருக்கு. வாங்கட்டுமா?" அவள் பையனுக்கு வீசிங். நான் 2023 தை மாதம் பதினொன்றரை ஆயிரம் கொடுத்து வாங்கினேன். அந்த வயிற்றெரிச்சல் ஒருபுறம் இருக்கட்டும். போனில் சொல்ல ஆரம்பித்தால் அடுப்பில் இருப்பது தீய்ந்துவிடும் என்பதால் எழுதியே விடுகிறேன்.

எங்கள் வீடு வட சென்னையில், எருக்கஞ்சேரியில். ஜி.என்.டி. சாலையில் ராத்திரி முழுக்க லாரி ஓடும். அந்தப் பக்கம் கொடுங்கையூர் குப்பைமேடு. அது பற்றி எரியும் நாட்களில் ஜன்னலைத் திறக்க முடியாது. மாமனாருக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் உப்பைக் குறையுங்கள், எண்ணெயைக் குறையுங்கள் என்று சொன்ன கையோடு, "பீடி, சிகரெட் மட்டும் இல்ல, எந்தப் புகையும் ஆகாது" என்றார். புகை நுரையீரல் சமாச்சாரம், இதயத்துக்கு என்ன என்று அதுவரை நினைத்திருந்தோம். 2.5 மைக்ரானுக்கும் சிறிய தூசி மூக்கில் சிக்காமல் நுரையீரலின் காற்றுப்பை வரை போய்விடும். அங்கே கிளம்பும் அழற்சி ரத்தக் குழாய்களையும் விடுவதில்லை. இருப்பதிலேயே நுண்ணிய துகள்கள் ரத்தத்திலேயே கலந்துவிடும். வெளிக்காற்று மாசால் 2019இல் நேர்ந்த அகால மரணங்களில் 68 சதவீதம் இதய நோயாலும் பக்கவாதத்தாலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதைப் படித்த அன்றே ஆர்டர் போட்டேன்.

ஹெப்பா ஃபில்டர் (நுண்தூசியைப் பிடிக்கும் வடிகட்டி), எத்தனை சதுர அடி என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. சத்தம் இரண்டாம் வேகம் வரை சீலிங் ஃபேனோடு கரைந்துவிடும். அதை விடுங்கள்.

நான் எதிர்பார்க்காதது அந்த மிஷினின் நெற்றியில் ஓடும் எண். காற்றில் நுண்தூசி எவ்வளவு என்று காட்டும். நம் நாட்டு வரம்பு ஒரு நாள் சராசரிக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. வாங்கிய நாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறேகால் மணிக்கு அது 38இலிருந்து 290க்கு ஏறியது. லாரியா என்றால் ஜன்னல் மூடியிருக்கிறது. குப்பைமேடா என்றால் வாசலில் நாற்றமே இல்லை. மூன்றாம் நாள் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தேன். தகரத் தட்டில் கொசுவர்த்திச் சுருள், நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி, அதிலிருந்து நூல் மாதிரி புகை. ஆறு மணிக்கு விளக்கேற்றிய கையோடு அத்தை கொளுத்தி வைப்பது. கல்யாணமாகி வந்த நாளாக எனக்கு அந்த வாசனை இந்த வீட்டு வாசனை, கவனித்ததே இல்லை. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இலேயே ஒரு ஆய்வு வந்திருக்கிறது. இதய நோயாளியின் தலைமாட்டில் அது எரிந்துகொண்டிருக்க, நான் லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். "அது புகையா? மருந்துதானே" என்றார் அத்தை. எண்ணைக் காட்டினேன். மறுநாள் கொசுவலை வந்தது.

அடுத்து நான் மாட்டிக்கொண்டேன். காய்ந்த மிளகாய் தாளித்தால் ஹால் தாண்டி அந்த அறையில் 180 காட்டும். இப்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்ட பிறகுதான் வாணலியை வைக்கிறேன். இந்தக் கோள் சொல்லும் குணம் ஒன்றுக்காகவே கொடுத்த காசு செரித்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் அது பொய்யும் சொல்லும். இட்லிப் பானையைத் திறந்தால் ஆவியையும் தூசி என்று எண்ணிவிடும். மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து வாயு நாற்றம் வரும் இரவில் எண் 30இல் நின்று நல்ல பிள்ளையாகச் சிரிக்கும். ஹெப்பா தூசியைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. கூட இருக்கும் கரி ஃபில்டர் பேருக்குத்தான். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டை விட்டு ஓடினார்களே, அதற்கெல்லாம் இது ஆகாது. ஆனால் போகிக்கு ஆகும். 2018 போகிப் புகையில் சென்னையில் விமானமே இறங்க முடியவில்லை. போன போகியன்று காலை ஐந்தரைக்கு 412. கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணித்து டர்போ வேகத்தில் போட்டதில் முக்கால் மணி நேரத்தில் 50க்குக் கீழே வந்தது. மாமனார் இருமாமல் தூங்கினார்.

சரி, இப்போது மிஷினில் இருக்கும் ஒரு விளக்குக்கு வருகிறேன்.

ஃபில்டர் மாற்றச் சொல்லும் சிவப்பு விளக்கு. வாங்கிய எட்டாம் மாதம் மினுக்க ஆரம்பித்தது, மாற்றினேன். கழற்றிய ஃபில்டர் சாம்பிராணிக் கரண்டி மாதிரி கறுத்திருந்தது. இரண்டாவது ஃபில்டரும் அதே எட்டாம் மாதம் மினுக்கியது. கழற்றிப் பார்த்தால் லேசான சாம்பல் நிறம், அவ்வளவுதான். முதலில் போட்டது கொசுவர்த்தி நின்ற பிறகும் அந்த மூன்று நாள் கறையோடு ஓடியது, வீட்டுக்குப் பெயிண்ட் அடித்ததும் அந்த வருடம்தான். இரண்டாவதுக்கு அந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. விளக்குக்கு அதெல்லாம் தெரியாது. தூசி சேர்ந்ததா என்று அது பார்ப்பதே இல்லை, ஓடிய மணி நேரத்தை மட்டும் எண்ணுகிறது. காற்றில் உள்ள தூசியை நொடிக்கு நொடி எண்ணத் தெரிந்த மிஷினுக்குத் தன் வயிற்றில் இருப்பது தெரியாதா? கஸ்டமர் கேரில் கேட்டால், "லைட் வந்தா மாத்திடணும் மேடம்" என்று பாடம் ஒப்பிக்கிறார்கள். மிஷின் விலை குறைந்திருக்கிறது, ஃபில்டர் மட்டும் 3,200இலிருந்து 3,900. இதுவரை மூன்று மாற்றியாயிற்று. அந்தக் காசைச் சேர்த்திருந்தால் உனக்கு ஆஃபரில் வரும் மிஷின் வாங்கி மிச்சமும் இருந்திருக்கும்.

மினுக்கலை அணைக்க வழியில்லை. இருட்டில் மாமனார் முகத்தில் சிவப்பாக அடித்தது, அத்தையின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அதன் மேல் ஒட்டினேன்.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. வாங்குடி, பையனுக்காக வாங்கு. வாங்குவதற்கு முன் ஃபில்டர் விலையைப் பார், வீட்டில் கொசுவர்த்தி இருந்தால் முதலில் அதைத் தூக்கிப் போடு. நேற்று பொட்டு பசை போய் விழுந்துவிட்டது. "அம்மாடி, திரும்ப கண்ணடிக்குது பாரு" என்கிறார் மாமனார். நாலாவது ஃபில்டர் வியாழக்கிழமை வருகிறது.