தேய்ந்த மூட்டுக்கு எது: பிஆர்பியா, மறுசேர்க்கைப் புரதமா, ஸ்டெம் செல்லா?

எங்கள் காரைக்குடி வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஈரக்காலோடு நடந்தால் நமக்கே வழுக்கும். எங்கள் 11 வயது லாப்ரடார் நாய்க்குப் பின்னங்கால் நிற்பதே இல்லை. மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். வலி மாத்திரைக்கு அப்புறம் என்ன என்று விசாரித்ததில் மூன்று வழிகள் தெரிந்தன.

பிஆர்பி, அதாவது தட்டணுச் செறிவூட்டிய ரத்த நீர், எளிது. நாயின் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மூட்டில் செலுத்துவார்கள். ஒரே நாளில் முடியும், செலவும் மற்றதைவிடக் குறைவு. தட்டணுக்களிலிருந்து பல வளர்ச்சிக் காரணிகள் (செல்களை வளரத் தூண்டும் புரதங்கள்) சேர்ந்தே வெளிவரும். எது எவ்வளவு என்பது நாய்க்கு நாய் மாறும், அப்பத்தா கையளவு மசாலா மாதிரி.

அந்தக் காரணிகளில் ஒன்றை மட்டும், அதன் மரபணுவைச் சேர்த்த பாக்டீரியாவில் உற்பத்தி செய்து, அளந்து செலுத்தினால்? அதுதான் மறுசேர்க்கைப் புரதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூட்டுக்குள் போன சிறு புரதம் சீக்கிரமே வடிந்துவிடும். திரும்பத் திரும்பக் கொடுத்தாலோ வம்பு: சுண்டெலி மூட்டில் டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியை அப்படிக் கொடுத்துப் பார்த்தபோது எலும்பு முளைகள் கிளம்பின. பிஎம்பி-2 என்ற புரதம் எலும்பை வளர்ப்பதில் கெட்டி. மனிதர்களின் முதுகெலும்பை இணைக்கும் அறுவைக்கு அமெரிக்காவில் 2002இலேயே அனுமதி பெற்றது. ஒட்டிச் சேராத எலும்பு முறிவுக்கு நாய்களிலும் பயன்பட்டிருக்கிறது. தேய்ந்த குருத்தெலும்புக்கு அது மருந்தல்ல.

ஸ்டெம் செல் சிகிச்சையில்தான் இந்தப் புரதங்களுக்குச் சரியான இடம், அதுவும் ஆய்வகத் தட்டில். நாயின் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை (பல வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களை) மூட்டில் செலுத்துமுன் வாரக்கணக்கில் பெருக்க வேண்டும். கிழட்டு நாயின் செல்கள் மந்தமாக வளரும்; எஃப்ஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தால் சுறுசுறுப்பாகும். செல் வளர வழக்கமாக ஊற்றும் மாட்டுக்கரு சீரமோ (பிறவாத கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது) தொகுதிக்குத் தொகுதி மாறும். செல்லில் ஒட்டிய மாட்டுப் புரதம் நாயின் உடம்புக்குள்ளும் போகும். எஃப்ஜிஎஃப்-2க்கும் ஒரு குறை உண்டு: 37 டிகிரியில் ஒரே நாளில் வீரியம் பெரும்பாலும் போய்விடும், அடிக்கடி புதிதாகச் சேர்க்க வேண்டும். கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல் என்றால் இன்னும் வேடிக்கை. அதைத் தட்டில் வளர்க்க, சுண்டெலிக்கு எல்ஐஎஃப் என்ற இன்னொரு புரதம், மனிதருக்கு எஃப்ஜிஎஃப்-2 என்றிருக்க, நாய்க்கு இரண்டும் வேண்டும்.

செலுத்திய செல்கள் புதுக் குருத்தெலும்பாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவை பெரும்பாலும் வீக்கத்தைத் தணிக்கும் சேதிகளைச் சுரந்துவிட்டுக் காணாமல் போகும்.

நாங்கள் முதலில் பிஆர்பி போடுவதாக முடிவு செய்திருக்கிறோம். அதுவரை முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை சாக்கு விரித்தாயிற்று. கல்லின் பூவேலை மறைந்துபோச்சே என்று அப்பத்தாவுக்குத்தான் கோபம்.