அகப்பக்க வருகைக் கணக்கையும் ஆவணங்களையும் பிறரிடம் ஒப்படைப்போர் கவனத்திற்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களைப் பற்றிய அகப்பக்கம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். துண்டாடப்பட்ட தோட்டங்கள், செம்பனைக்கு வழிவிட்ட பால்மரக் காடுகள், இடிக்கப்பட்ட லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆகியவற்றின் படங்களும், அங்கே உழைத்த பெரியவர்கள் சொன்ன செய்திகளும் அதில் இருக்கின்றன. அதைப் பராமரிப்பதாக ஒப்புக்கொண்ட ஓர் இணையச் சேவை நிறுவனம் பொய்க் கணக்குக் காட்டிப் பணம் பெற்றதோடு, ஆவணங்களையும் சிதைத்துவிட்டது. ஊர் வரலாற்றையோ குடும்ப வரலாற்றையோ இணையத்தில் சேர்த்து வைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

அகப்பக்கங்களுக்கு வருவோரைக் கூகுள் தனது பழைய அனலிட்டிக்ஸ் முறையில் கணக்கெடுப்பதை 2023 ஜூலை 1 அன்று நிறுத்தியது. அதைக் காரணம் காட்டித்தான் அவர்கள் என்னை அணுகினார்கள். பழைய புள்ளிவிவரங்களைத் தரவிறக்கி வைப்பது, புதிய கணக்கெடுப்பை அமைப்பது, ஆவணங்களை ஆண்டுவாரியாக ஒழுங்குபடுத்துவது ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் இருந்தன. மாதக் கட்டணத்தோடு, ஒவ்வோர் ஆயிரம் வருகையாளருக்கும் ஒரு தொகை தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

மாதந்தோறும் வந்த வரைபடம் ஏறிக்கொண்டே போனது. ஒரு தோட்டத்துத் தீமிதித் திருவிழாப் பக்கத்தில் இருபது படங்கள் இருந்தால், ஒருவர் ஒரு முறை அதைத் திறக்கும்போது பக்கத்திற்கு ஒன்றும் படங்களுக்கு இருபதுமாகக் குறைந்தது 21 கோரிக்கைகள், அகப்பக்கக் கோப்புகளை வைத்திருக்கும் கணினியான வழங்கியில் பதிவாகும். ஏடபிள்யூஸ்டாட்ஸ் போன்ற வருகைக் கணக்கு மென்பொருள்கள் இந்தக் கோரிக்கைகளையும், பக்கங்களையும், வருகைகளையும், தனித்தனி வருகையாளர்களையும் வெவ்வேறு நிரல்களில் காட்டுகின்றன. அவற்றுள் மிகப் பெரிதான கோரிக்கை எண்ணிக்கையை எடுத்து, ‘வருகையாளர்’ என்று தலைப்பிட்டு, அதற்கே என்னிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு கோரிக்கையும் வரி வரியாகப் பதிவாகும் வழங்கியின் மூலப் பதிவேட்டைக் கேட்டபோது சாக்குப்போக்குச் சொன்னார்கள். வழங்கிக் கணக்கு என் பெயரில் இருந்ததால் நானே அதை எடுத்துப் பார்த்தேன். உண்மையான வாசகர்கள் மாலை வேளைகளிலும், தீபாவளி, பொங்கல் விடுமுறைகளிலும், யாராவது வாட்ஸ்அப் குழுவில் ஒரு படத்தைப் பகிர்ந்த நாளிலும் கூடுதலாக வருவார்கள். பதிவேட்டிலோ இரவு பகல் பாராமல், சீரான இடைவெளியில், ஒரே முகப்புப் பக்கத்தை, அதிலுள்ள ஒரு படத்தைக்கூடக் கேட்காமல் திறந்து மூடிய வரிகள் பக்கம் பக்கமாக ஓடின. அவை கணினி நிரல்கள் செய்த வேலை; மனிதர் எவரும் ஓர் அகப்பக்கத்தை அப்படிப் பார்ப்பதில்லை. பழைய புள்ளிவிவரங்களையும் அவர்கள் எடுத்து வைக்கவில்லை. 2024 ஜூலையில் கூகுள் பழைய கணக்குகளை முற்றாக மூடியதோடு அவை போய்விட்டன.

பணத்தை விட ஆவணங்களுக்கு நேர்ந்த கதிதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. தோட்டம், டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு), ஆண்டு, படம் தந்தவர் ஆகிய விவரங்களைத் தாங்கியிருந்த கோப்புப் பெயர்களை நீக்கி, வெறும் வரிசை எண்களாக மாற்றிவிட்டார்கள். பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வாசகரைத் தானாகக் கொண்டுசெல்லும் 301 வழிமாற்று ஓரிடத்திலும் அமைக்கப்படாததால், பிறர் சேமித்து வைத்திருந்த இணைப்புகள் எல்லாம் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழையில் போய் நின்றன. தொடக்க காலத்தில் டிஸ்கி என்னும் பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் தட்டெழுதிய கட்டுரைகளை, அவை எந்தக் குறியீட்டில் உள்ளன என்று பாராமலே யூனிகோடுக்கு மாற்றியதில், பிரட்டுக் களத்தில் (காலையில் தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடம்) நிற்கும் கங்காணியின் பெயர் இருந்த இடத்தில் இன்று கேள்விக்குறிகள் மட்டுமே இருக்கின்றன. தவறாகத் திறந்ததால் குழம்பித் தெரியும் எழுத்தைச் சரியான குறியீட்டைச் சொல்லி மீட்கலாம். கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்ட எழுத்தை அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியில்லை. வேலைக்கு முன் எடுத்ததாகச் சொன்ன காப்புப் பிரதியைக் கேட்டபோது, மாற்றத்துக்குப் பிறகு எடுத்த பிரதியையே கொடுத்தார்கள். அந்தப் படங்களில் இருப்பவர்களை அடையாளம் சொன்ன பெரியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை.

இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பதிவாகியிருந்த பழைய பக்கங்களிலிருந்து சில கட்டுரைகளையும் படக்குறிப்புகளையும் மீட்டு வருகிறேன். அங்கே எல்லாப் பக்கங்களும் இல்லை.

இத்தகைய பணியை யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள். மூலப் பதிவேட்டை மாதந்தோறும் தர முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். முழுப் பிரதி ஒன்று உங்கள் வன்தட்டில் வந்து சேர்ந்து, அதை நீங்களே திறந்து பார்த்த பிறகுதான் அவர்கள் ஒரு கோப்பையாவது தொட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய முகவரிகளின் பட்டியலும் அவற்றுக்குரிய புதிய முகவரிகளும் வேலை முடிவில் கையளிக்கப்பட வேண்டும்; அதைத் தராதவருக்கு இறுதித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்துவிட வேண்டும். ஒப்பந்தம், மாத அறிக்கைகள், அதே மாதங்களின் மூலப் பதிவேடு ஆகியவற்றை இணைத்து என் மனுவைக் கொடுத்திருக்கிறேன்.