வளவா, முகப்பா, ஸ்டூடியோவா: குடும்பப் படத்தை எங்கே எடுப்பது?

முன்னோருக்குப் படைக்கிற சடங்கான படைப்புக்குப் போன தடவை எங்கள் செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் 34 பேர் கூடினோம். சிங்கப்பூர்க்காரர்களுக்கு மறுநாள் இரவு விமானம். அதற்குள் எல்லாரும் இருக்கிற மாதிரி ஒரு படம் எடுத்தாக வேண்டும். எங்கே என்பதில்தான் எங்களுக்குள் மூன்று கட்சி. சித்தப்பா வீட்டார் முகப்பு என்றார்கள், தங்கை வீட்டுக்காரர் காரைக்குடியில் ஸ்டூடியோ என்றார், நான் வளவு என்றேன், அதாவது வீட்டுக்குள் இருக்கிற முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும். கடைசியில் மூன்றிலும் எடுத்தோம்.

முகப்புக்குத்தான் ஆதரவு அதிகம். வாசல் கதவு, தேக்குத் தூண், மேலே சுதைப் பொம்மைகள் எல்லாம் படத்தில் வரவேண்டும் என்ற ஆசை. கணக்குப் போட்டால் ஆசை தணிந்துவிடும். 60 அடி முகப்பை 12 அங்குலப் படத்துக்குள் அடக்கினால், அரையடி அகல முகம் அதில் பத்தில் ஓர் அங்குலம், கிட்டத்தட்ட கடுகளவு. படத்தில் வீடு தெரியும், ஆள் தெரியமாட்டார்கள். எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது வேறு. காலை எட்டரைக்குப் படியில் உட்கார வைத்தோம், வெயில் நேரே கண்ணில் குத்தியது. அப்பத்தா சொன்னதே சரி: "சூரியனப் பாருங்குற, கண்ணச் சுருக்காதேங்குற. ரெண்டுல ஒண்ணச் சொல்லப்பா."

கிழக்குப் பார்த்த வீட்டில் முகப்புப் படம் வேண்டுமென்றால் மாலை நாலரைக்கு மேல் எடுங்கள். வீட்டின் நிழலே படியில் விழுந்திருக்கும், முகமெல்லாம் ஒரே சீரான வெளிச்சத்தில் இருக்கும். மேற்குப் பார்த்த வீட்டுக்குக் காலை.

ஸ்டூடியோவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெளிச்சம் கைக்குள் இருக்கிறது, வெயிலுக்கோ மழைக்கோ காத்திருக்க வேண்டாம், ஏசி உண்டு. ஐயாவும் அப்பத்தாவும் மட்டும், அல்லது ஆறேழு பேர் என்றால் தாராளமாகப் போகலாம். 34 பேர் நுழைய முடியாது, பெரியவர்களை மட்டும் கூட்டிப் போனோம். பின்னால் மாட்டியிருந்த ஃப்ளெக்ஸில் என்ன படம் என்கிறீர்கள்? செட்டிநாட்டு வீட்டுத் தூண்கள்! நிஜத் தூணை விட்டுவிட்டு இருபது நிமிடம் கார் ஓட்டி அச்சடித்த தூணுக்கு முன்னால் போய் நின்றோம்.

இனி வளவு. இங்கே எடுத்தால் தானாக நன்றாக வந்துவிடும் என்று நினைப்பதுதான் முதல் தப்பு. முற்றத்தின் நடுவில் நிறுத்தினால் வெளிச்சம் உச்சியிலிருந்து இறங்கும். கண் இரண்டும் குழி விழுந்து, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல் நிற்கும். ஆட்களைத் தாழ்வாரத்துக்குள், தூண் வரிசையை ஒட்டி, முற்றத்தைப் பார்க்க வையுங்கள். அப்போது திறந்த வானம் முகத்துக்கு எதிரே வருகிறது, முதுகுப் பக்கம் அறைகளின் இருட்டு. முகம் தனியாக எடுத்துக் காட்டும். நேர்வெயில் தாழ்வாரத்தில் விழாத நேரமாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னொரு வசதி, படி. முற்றம் தாழ்வாரத்தைவிட ஓர் அடி பள்ளம். பிள்ளைகள் விளிம்பில் கால் தொங்கப் போட்டு உட்கார, பின்னால் நாற்காலியில் பெரியவர்கள், அதற்குப் பின்னால் மற்றவர்கள் நிற்க, மூன்று வரிசை தானாக அமைந்துவிட்டது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையையும் பிள்ளைகள் பாதி மறைத்துவிடுவார்கள். அது நல்லதே. கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எங்கள் வீட்டுப் பெண்களில் பாதிப் பேர் அதில்தான் வருகிறார்கள். அந்தப் பெரிய கட்டமும் தரையின் கோலமும் சேர்ந்தால் கண் முகத்துக்குப் போகாது.

எடுப்பவர் முற்றத்துப் பள்ளத்தில் நின்றால் கேமரா தாழ்ந்து எல்லாருக்கும் தாடை பெரிதாகும். எதிர்த் தாழ்வாரத்துக்குப் போய் நில்லுங்கள். தூரமும் கிடைக்கும். செல்போனில் கிட்டப் போய் எடுத்தால் ஓரத்தில் நிற்கும் அத்தை அகன்றுபோவார், அப்புறம் ஜென்மத்துக்கும் பேசமாட்டார். பின்னுக்குப் போய் 2எக்ஸ் ஜூம் வையுங்கள். கேமரா என்றால் லென்ஸ் திறப்பு (அப்பர்ச்சர்) எஃப் 8, ஷட்டர் நொடியில் 125இல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகமாக, ஃபோகஸ் முன்வரிசையில் இருப்பவர் கண்ணில். மூன்று வரிசைக்கு எஃப் 2.8 வைத்தால் பின்னால் நிற்கிற மாப்பிள்ளைகள் புகையாகிவிடுவார்கள்.

ஃப்ளாஷ் வேண்டாம். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த போட்டோகிராபர் வளவுக்குள் ஃப்ளாஷ் அடித்துத் தள்ளினார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் கண்ணாடி மாதிரி. ஒவ்வொரு படத்திலும் அப்பா தலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை உருண்டை வெடித்திருந்தது. சுவரில் சாய்த்து மாட்டியிருந்த ரங்கூன் காலத்துப் படங்களின் கண்ணாடியிலும் அதே உருண்டை.

வளவு எனக்குக் காலைவாரிய இடமும் உண்டு. ஒரு சொந்தக்கார வீட்டில் மழைக்குப் பயந்து முற்றத்தின் மேல் பச்சை ஃபைபர் ஷீட் போட்டிருந்தார்கள். கல்யாணப் பெண் உட்பட அத்தனை பேரும் கீரை மசியல் நிறம். யாராவது ஒருவரின் வெள்ளை வேட்டியை அதே வெளிச்சத்தில் வைத்து ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய கேமராவில் வைக்கும் நிறக் கணக்கு) எடுத்தால் முக்கால்வாசி சரியாகும். அப்படிப்பட்ட வீட்டில் பேசாமல் மாலை முகப்புக்கே போய்விடலாம். இரும்புக் கம்பி வலை மட்டும் இருந்தால் வெயில் தரையில் கட்டம் போடும், தாழ்வாரத்துக்குள் ஒன்றும் செய்யாது.

ஆக, எட்டுப் பேருக்கு மேல் என்றால் என் ஓட்டு வளவுக்கு. மற்ற இரண்டும் தோது பார்த்து.

அன்று காலை பத்து மணிக்குத் தாழ்வாரத்தில் 22 படம் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் யாராவது கண்ணை மூடியிருந்தார்கள், ஒன்றே ஒன்று தவிர. அதில் 33 பேர் கேமராவைப் பார்க்கிறார்கள், அப்பத்தா மட்டும் சமையல் நடக்கிற இரண்டாங்கட்டுப் பக்கம் திரும்பி அடுப்பில் என்ன ஆச்சு என்று பார்க்கிறார். அதைத்தான் பிரேம் போட்டோம்.