பூட்டிய டிஸ்க்கை மறுபடி பயன்படுத்த: சாவியை அழிப்பதா, முழுவதையும் துடைப்பதா?

என்கிரிப்ட் செய்த, அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிய டிஸ்க்கை வேறு வேலைக்குக் கொடுக்கப் போகிறோம் என்றால், முதலில் வரும் யோசனை முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பு என்பதுதான். 4 டிபி ஹார்ட் டிஸ்க், நொடிக்கு 150 எம்பி வேகம் என்று வைத்தால் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒரு சுற்றே போதும். 35 சுற்று வேண்டும் என்ற கணக்கு 1996-ல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் அன்றைய டிஸ்க்குகளுக்காக எழுதியது.

லினக்ஸின் டிஸ்க் பூட்டும் முறையான லக்ஸில் பூட்டியிருந்தால், சாவியை மட்டும் அழிப்பது சில நொடி வேலைதான். 'கிரிப்ட்செட்டப் எரேஸ்' கட்டளை, 'யெஸ்' என்று பெரிய எழுத்தில் அடிக்கச் சொல்லும். அடித்ததும் கீ ஸ்லாட், அதாவது டிஸ்க்கின் சாவியை பாஸ்வேர்டால் பூட்டி வைத்திருக்கும் இடம், எல்லாம் காலி. தரவைப் பூட்டும் மாஸ்டர் சாவியை லக்ஸ் 4000 கீற்றுகளாகப் பரப்பித்தான் எழுதி வைக்கிறது. அதில் ஒரு துண்டு போனாலும் சாவி திரும்பாது. ஆனால் எப்போதோ எடுத்து வைத்த ஹெடர் பேக்கப் (கீ ஸ்லாட் உள்ள தலைப்பகுதியின் நகல்) பென்டிரைவில் கிடந்தால், பழைய பாஸ்வேர்டு போட்டுத் திறந்துவிடலாம். அதையும் தேடி அழிக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) என்றால் கதை வேறு. மேலே எழுதினாலும் பழைய பிளாக் உள்ளே எங்கோ தங்கியிருக்கலாம், கீ ஸ்லாட் இருந்த பிளாக் உட்பட. அதற்கு, தன் உள்ளே இருப்பதை டிரைவே அழிக்கும் சானிட்டைஸ் கட்டளை இருக்கிறது. ஓபல் வகை டிரைவ் (தானே என்கிரிப்ட் செய்யும் வகை) என்றால் லேபிளில் அச்சிட்ட பிஎஸ்ஐடி என்ற 32 எழுத்துக் குறியைக் கொடுத்து, பழைய சாவியை அழித்துப் புதுச் சாவி போட வைக்கலாம். எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிப்பதே நல்லது.

டிரைவே செய்யும் இந்த அழிப்பை மட்டும் நம்பலாமா? நான் நம்பமாட்டேன். 2018-ல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தானே என்கிரிப்ட் செய்யும் சில எஸ்எஸ்டிகளை பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட், விண்டோஸின் டிஸ்க் பூட்டும் வசதியான பிட்லாக்கர் இனி டிரைவை நம்பாமல் மென்பொருளிலேயே பூட்டும்படி மாற்றியது. ஆகவே என் வரிசை: முதலில் லக்ஸ் சாவி, பிறகு சானிட்டைஸ். டிரைவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் அரைகுறையாகச் செய்தாலும் மிஞ்சுவது பெரும்பாலும் சாவியில்லாத குப்பைதான்.

சாவியை அழிப்பது உதவாத சூழ்நிலையும் ஒன்று உண்டு. டிஸ்க்கை முதலில் பூட்டாமல் பயன்படுத்திவிட்டு, பாதியில் லக்ஸ் போட்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு எழுதப்படாத இடங்களில் பழைய கோப்புகள் அப்படியே கிடக்கும். அப்படிப்பட்ட ஹார்ட் டிஸ்க் என்றால், சரி, ஏழு மணி நேரம் ஓடட்டும்.